பஞ்சு வைக்காத காது

கையைத் தூக்கினார். சித்த நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார். காது பரிசோதிக்கிற, கண்ணாடி வைத்த அந்தச் சின்ன அறைக்குள்ளே, தலைமேல் கறுப்பு ஹெட்போனைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்ட வெள்ளைச் சட்டையில், எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பையன் கணக்காக அர்த்தநாரி கையைத் தூக்கத் தூக்க, வெளியே நீல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த வசந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒண்ணு விடலையே, ஒண்ணுகூட விடலையே எங்க மாமன் என்று பக்கத்தில் யாராவது இருந்தால் தொடையைக் கிள்ளிச் சொல்லியிருப்பாள். பள்ளிபாளையத்தில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஈரோட்டில் இறங்குகிற வரைக்கும் கண்டக்டர் மூணு தடவை கத்தியும் திரும்பாத மனுசனா இது? மெசின் முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அந்தப் பொண்ணு நிலோபர், நம்ம பொண்ணு கௌசல்யா வயசுதான் இருக்கும், ஆரம்பிக்கும்போதே அவருக்கு முகத்துக்கு நேராக வந்து நிதானமாக வாயசைத்துச் சொன்னாள், "ஐயா, காதுல 'பீப்'னு ஒரு சத்தம் வரும், எவ்வளவு சின்னதா கேட்டாலும் கையைத் தூக்கணும், தெரியுதுங்களா?" தெரியுதுங் தாயி என்று இவர் போட்ட சத்தத்தில் வரவேற்பில் இருந்த ஆள் எட்டிப் பார்த்தான். இப்போது அந்தப் பொண்ணு அமுக்க அமுக்க இவர் கை மேலே போய்க்கொண்டிருந்தது. அப்படின்னா காது நல்லாத்தான் இருக்குதா, மெசினு கிசினு ஒண்ணும் வேண்டாமா, வந்த வழியே போயிறலாமா என்று நினைத்ததும் நெஞ்சுக்குள்ளே எங்கேயோ 'அப்பாடா' என்றிருந்தது. அட பாவி, அப்பாடாவா? புருசனுக்குக் காது கேட்கணும் என்று வேண்டாத சாமி இல்லை, சீட்டுப் பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்து கூட்டி வந்ததும் நீதான், இப்போது எதுக்குடி அப்பாடா? எதுக்கென்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வருசமாக அவள் அந்த முதுகோடு பேசிக்கொண்டிருக்கிறாள். முகத்தோடு பேசுவது வேறு கணக்கு, அது கையும் வாயசைப்புமாகப் பேசுவது, சோறு போடட்டுமா, தண்ணி வந்திருச்சு, பொண்ணு போன் பண்ணினா, அவ்வளவுதான். முதுகோடு பேசுவதுதான் பேச்சு. மத்தியானம் அவர் வட்டிலை வைத்துக்கொண்டு பீரோவைப் பார்க்க உட்கார்ந்தால், இவள் பின்னால் அடுப்படி வாசலில் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே ஆரம்பிப்பாள். உங்க அக்காளுக்கு வாய் எட்டு முழமுங்க, அவளுக்கு நீங்களும் ஒரு தலையாட்டி. தின்னறதப் பாரு, உப்பில்லைன்னு ஒரு சொல்லு சொன்னா வாய் தேஞ்சா போயிரும்? நாஞ் செத்தாத்தான் தெரியும் இந்த ரசத்தோட அருமை. திட்டித் திட்டிச் சலித்தபிறகு குரல் தானாக இறங்கும். இந்தச் சட்டையில நல்லா இருக்கறீங்க மாமா என்பாள். நேற்று ராத்திரி இருமுனீங்களே, பயந்தே போனேன் என்பாள். மூக்குத்தி கிணற்றடியில் தொலைந்ததைக்கூட அந்த முதுகிடம்தான் அழுதுகொண்டே சொன்னாள், முகத்துக்கு நேரே கழட்டி வெச்சிருக்கறேன் என்று கையைக் காட்டிவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அவராகவே ஒரு மூக்குத்தி வாங்கிக்கொண்டு வந்து நின்றாரே, அன்றைக்கு அவள் கும்பிடாத கும்பிடெல்லாம் மலைமேல் இருக்கிற சாமிக்குத்தான் போனது. அப்புறம் அந்த ஒரு விசயம். வாரத்தில் ஒரு நாளாவது அது வந்துவிடும், கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும்போது, கையில் வேலை முடிந்துவிட்ட நேரத்தில். அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளால் ஏழு பிறவிக்கும் ஆகாது. இப்போது காதில் ஒரு மெசினை மாட்டி அந்த முதுகுக்கு உயிர் கொடுத்துவிட்டால் அவள் எங்கே போய்ப் பேசுவாள்? வேண்டாம் என்றில்லை. கேட்கட்டும், மகராசனாகக் கேட்கட்டும், என் குரல் எப்படி இருக்கும் என்பதே அந்த மனுசனுக்கு மறந்திருக்கும்.

மறுபடியும் கை மேலே போனது, அப்போதுதான் அவள் கவனித்தாள். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நிலோபர் விவரமான பொண்ணு, தன்னைப் பார்க்க விடாமல் அவரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உட்கார வைத்திருந்தாள். ஆனால் அவருக்கு எதிரே அந்த அறைக் கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது, அதில் நிலோபருடைய தோள் மங்கலாக விழுந்தது. பொத்தானை அமுக்கும்போது அந்தத் தோள் நூலளவுக்கு ஏறி இறங்கும். ஏறினால் இவர் கை ஏறுகிறது. அடக் கடவுளே என்று வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் பல்லை உடைப்பாள், அந்த மனுசனுக்கு ஏமாற்றத் தெரியாது, தறிப்பட்டறைக்காரர்களுக்குக் கேட்பது என்றாலே அதுதான். நாற்பது தறி ஒன்றாக ஓடுகிற குடோனுக்குள்ளே பக்கத்தில் நிற்கிறவன் உயிர் போகிற மாதிரிக் கத்தினாலும் கேட்காது. கண்ணால்தான் கேட்கணும். கட்டை விரலைச் சாய்த்தால் டீ, மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டினால் உன் தறியில் இழை அறுந்திருக்கிறது, மற்றதெல்லாம் உதட்டசைவு. பன்னிரண்டு மணி நேர சிப்டில் ஊர்வம்பு, கல்யாணச் சேதி, சண்டை, சமாதானம் எல்லாம் சத்தமில்லாமலேயே நடக்கும். அவர் அவளைக் கேட்டதே ஆறு தறிக்கு அந்தப் பக்கமிருந்து உதட்டால்தான், என்னையக் கட்டிக்கறயா புள்ள என்று. அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது, இருந்தாலும் இன்னொருக்காச் சொல்லட்டும் என்று காதில் அவளாக அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டு, என்ன என்று தலையை ஆட்டினாள். அந்தக் கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் பஞ்சு என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அது கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால். நான்கு தறியை ஓட்டிக்கொண்டு அவள் குனிந்து இழை பிடித்துக்கொண்டிருந்தாள், திடீரென்று யாரோ தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளி, மறுகையால் தறியை நிறுத்துகிற பிடியைத் தட்டினார்கள். அதற்குள் நூலைச் சுமந்து ஓடுகிற நாடாக் கட்டை தெறித்து அவள் முகம் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்துக் காரையைப் பெயர்த்தது. நாடாவுக்கு ரெண்டு முனையிலும் இரும்பு, கண்ணில் பட்டிருந்தால் கண் இல்லை. அர்த்தநாரிதான். எட்டுத் தறிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், உன்ற மூணாந் தறி அடிக்கற அடி மாறுச்சு, கேக்குதில்ல என்றார், என்னமோ எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டியது மாதிரி. நாற்பது தறியில் எது கெடப்போகிறது என்று நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டுவார், ஃபிட்டர் நேராக அந்தத் தறிக்குத்தான் போவான், ஒரு நாளும் விரல் பொய்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட காது. கல்யாணமான மறுநாளிலிருந்து காலையில் குடோன் வாசலில் அவளை நிறுத்தி, கழிவுப் பஞ்சைப் பிய்த்து, தேங்காயெண்ணெயைத் தொட்டு, ரெண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, அவள் ரெண்டு காதிலும் அவரே வைத்துவிடுவார், கூட்டத்துக்கு முன்னால் வெட்கமா இருக்குதுங் என்றாலும் விடமாட்டார். உங்களுக்கு என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவார், பஞ்சு வெச்சா உன்ற தறி எனக்குக் கேக்காது என்பார். இருபது வருசம். அவள் காதில் பஞ்சு, அவர் காதில் அவள் தறி. அவளுக்கு இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பால் பொங்குவது கேட்கிறது, அவருக்கு இடி இடித்தால் தரை அதிர்வதுதான் தெரிகிறது. அந்த ஒரு விசயம் இதுதான். நீங்களும் ஒரு துளி பஞ்சு வெச்சிருக்கலாமுங்க மாமா, என் கண்ணு போனாப் போயிருக்கட்டும். வாரா வாரம் இதைத்தான் அந்த முதுகிடம் சொல்லுகிறாள். போன தை மாசம் அவர் தறியிலேயே நாடா தெறித்து, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பொம்பளையின் காதோரம் உரசிப் போனது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை, மறுநாள் காலையில் அவராகவே, காது மெசினு எங்க விக்கறாங்கன்னு கேளு புள்ள என்றார். அப்படி வந்த மனுசனை, ஒரு கண்ணாடித் துண்டு கெடுத்துத் திருப்பி அனுப்பப் போகிறது. வாயைத் திறந்து சொல்லலாம். கம்மென்றும் இருக்கலாம், கம்மென்று இருந்தால் முதுகு முதுகாகவே இருக்கும், நாளைக்கும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசலாம். நிலோபர் எழுதிய தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள், இவ்வளவு நல்லா வருதே, பேசும்போது ஏன் புரியல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது வசந்தாமணிக்கு நன்றாகக் கேட்டது. பஞ்சு வைத்துக் காப்பாற்றிக் கொடுத்த காது அல்லவா, கேட்காமல் என்ன. எழுந்தே விட்டாள். "கண்ணு, அவரு உங்க தோளைப் பாக்கறாருங்க. அந்தக் கதவுக் கண்ணாடியில தெரியுது. நாங்க தறிக்காரங்க சாமி, எங்களுக்குக் கண்ணுதான் காது, தப்பா நெனச்சுக்காதீங்க."

நிலோபர் ஒரு நொடி திகைத்து, அப்புறம் வாயைத் திறந்தபடி சிரித்துவிட்டாள். "ஏழு வருசமா இந்த வேலை பாக்கறேங்கம்மா, இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல" என்றவள் சொன்ன விதத்தில் குத்தல் இல்லை, மதிப்புத்தான் இருந்தது. உள்ளே போய் நாற்காலியை வெறும் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். திரும்புவதற்கு முன் அவர் வெளியே பார்த்து, நீயா சொன்ன என்று புருவத்தை ஏற்றினார், வசந்தாமணி ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் ஆரம்பித்தது. பொண்ணு அமுக்கினாள், பச்சை விளக்கு எரிந்தது, கை முழங்காலில் கிடந்தது. அமுக்கினாள். கிடந்தது. குமிழைத் திருகித் திருகி அமுக்கினாள், விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, கடைசியில் ரெண்டு மூணு தடவை லேசாக ஏறியதைத் தவிர அந்தக் கை அப்படியே கிடந்தது. தூக்குங்க மாமா, தூக்குங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தவள் ஒரு தடவை பார்த்தபோது அவளுடைய கையே தோள் உயரத்துக்கு எழுந்திருந்தது. அசிங்கமாக இருந்தது, இறக்கிக்கொண்டாள். நாற்பது தறியில் ஒரு தறியைக் கண்டுபிடித்த காது. கண்ணாடி இல்லையென்றால் மனுசன் இவ்வளவுதானா என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தாள், துடைத்த கை முகத்திலேயே நின்றுவிட்டது. கண்ணாடி. பீரோவில் இருப்பதும் கண்ணாடிதான். பெண்ணுக்குச் சீர் வாங்கும்போது தனக்கும் ஒன்று என்று வாங்கிய பச்சை பீரோ, ஆளுயரக் கண்ணாடி, அதைப் பார்க்கத்தான் அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். காற்று வருது புள்ள என்று அந்த இடத்தை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை, ஃபேன் இருப்பதோ மறுகோடியில். அடுப்படி வாசல் அதில் முழுதாகத் தெரியும். ஒரு தோள் அசைவைப் படிக்கிற கண்ணுக்கு அவள் வாய் படிக்கத் தெரியாதா? ஐயையோ, மூக்குத்தி. மலைமேல் சாமியாவது மண்ணாவது, அந்த மூக்குத்தி எப்படி வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது. வாய் எட்டு முழம் என்றது, தலையாட்டி என்றது, நல்லா இருக்கறீங்க என்றது, பஞ்சு, பஞ்சு என்று வாரா வாரம் புலம்பியது. இருக்காது, சும்மா இரு, பீரோவாவது படிப்பதாவது, பன்னிரண்டு வருசமாக ஒரு மனுசன் முகத்தில் ஒரு சுளிப்புக் காட்டாமல் சோற்றைப் பிசைந்துகொண்டா இருப்பான்? இருப்பான். இந்த மனுசன் இருப்பான்.

வெளியே வந்து உட்கார்ந்தவரிடம் நிலோபர் தாளைக் காட்டி, முகத்துக்கு நேராக நிதானமாகச் சொன்னாள், கனமான சத்தம் கொஞ்சம் இருக்குது, சன்னமான சத்தம் சுத்தமா இல்லை, அதனால ஆள் பேசறது தெரியும், என்ன பேசறாங்கன்னு புரியாது என்று. அவர் தலையாட்டினார், தறியைப் பற்றி ஃபிட்டர் சொல்லும்போது ஆட்டுகிற அதே மாதிரி. வசந்தாமணி கைப்பையிலிருந்து மாப்பிள்ளை போனில் ஆர்டர் போட்டு அனுப்பிய மெசினை எடுத்து வைத்தாள், எண்ணூறு ரூபாய், மாட்டினால் கீயென்று கூவும், தட்டு விழுந்தால் தலையில் விழுந்த மாதிரி இவர் துள்ளுவார், ரெண்டு நாளில் சாமி மாடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "இது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏத்திவிடுங்கம்மா. அய்யாவுக்கு எது இல்லையோ அதை மட்டும் ஏத்தணும், இருக்கறதை ஏத்தக் கூடாது, காது இன்னும் கெட்டுரும்" என்றாள் நிலோபர். போன வாரம் இன்னொரு கடைக்குப் போனதையும் வசந்தாமணி சொன்னாள், பேர் சொல்லவில்லை, கோட்டுப் போட்ட ஒரு தம்பி ஒன்றரை லட்சத்துக்கு ஒன்றைக் காட்டி, இது செல்போனோட பேசுங்க, டிவியோட பேசுங்க என்று அடுக்கினான், என்னோட பேசுமா தம்பி என்று கேட்டதற்கு முழித்தான். நிலோபர் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்று சட்டைப் பையில் வைத்து ஒயர் மாட்டுவது, ஒன்று காதுக்குள்ளேயே மறைந்துபோவது, ஒன்று காதுக்குப் பின்னால் உட்காருவது. "மறைஞ்சு போறது விலை ஜாஸ்தி, அய்யாவுக்கு அந்த பலமும் பத்தாது. போன், டிவி எல்லாம் வேண்டாமுன்னா அதுக்குக் காசு குடுக்காதீங்க. இந்தப் பின்னால மாட்டறதுல சாதாரணமானதே போதும், இதை அவர் காதுக்குச் சரியா வெக்கறதுதான் முக்கியம், அது என் வேலை. ஒரு வாரம் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பாருங்க, சரிப்படலைன்னா திருப்பிக் குடுங்க. அரசாங்கத்துல இலவசமாவும் கேட்டுப் பாக்கலாம், சர்டிபிகேட்டுக்கு எங்க போகணும்னு எழுதித் தர்றேன், ஆனா நாளாகும்." விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாங்காதே என்று சொல்கிற வாயை வசந்தாமணி இன்றைக்குத்தான் பார்க்கிறாள், எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கணும். "சாதாரணமானதே ரெண்டு போட்டுக்கலாம், ரெண்டு காதுக்கும்" என்றாள் நிலோபர். உதட்டைப் படித்துவிட்டார் போல, சட்டென்று கையை உயர்த்தி, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஒரு காதுக்குப் போதுங் தாயி! மிச்சத்துக்கு இவ முட்டிக்கு வைத்தியம் பாக்கோணும்!" என்றார். வசந்தாமணிக்குச் சுள்ளென்று ஏறியது. அவள் ரெண்டு காதுக்கும் பார்த்துப் பார்த்துப் பஞ்சு வைத்துவிட்ட கை, தனக்கு என்றால் மட்டும் ஒரு விரலை நீட்டுகிறது பார்.

முதலில் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்று நிலோபர் வலது காதுக்கு எடுத்தாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, "அம்மா, வீட்டுல நீங்கதானே மாட்டிவிடுவீங்க, இப்பவே பழகிக்குங்க" என்று அவள் கையில் கொடுத்தாள். அரையணா கனம்கூட இல்லை. பின்னால் வைக்கிற வளைந்த சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு சன்னமான குழாய், முனையில் மெத்தென்ற ரப்பர். வசந்தாமணி குனிந்து அந்தக் காதைப் பிடித்தாள். முப்பது வருசமாகப் பக்கத்திலேயே இருக்கிற காது, ஒரு நாளாவது இப்படிப் பிடித்திருப்பாளா, மடலில் நரைத்த ரெண்டு முடி, குளிர்ந்து கிடந்தது. உள்ளே வைக்கும்போது ரப்பர் ரெண்டு தடவை நழுவியது. எண்ணெய் தொட்டு உருட்டிய அவர் விரல் எத்தனை வருசம் பஞ்சை நழுவாமல் வைத்தது. நிலோபர் கம்ப்யூட்டரில் என்னமோ தட்டினாள். அவர் முகம் மாறியது. மேலே பார்த்தார், ஃபேன். கீழே பார்த்தார், அவர் செருப்பில்லாத கால் தரையில் உரசிய சத்தம். தாளைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "இந்த ஃபேன் இப்புடியா புள்ள கத்தும்?" என்று கேட்டார், கேட்டவர் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, "நானும் இப்புடித்தான் கத்தீட்டிருந்தேனா?" என்றார் பாதிச் சத்தத்தில். எத்தனை வருசத்துக்கு அப்புறம் அந்த மெல்லிய குரல், கல்யாணமான புதிதில் இருந்த குரல். அதுக்கே அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் நிலோபர் அந்தப் பேச்சை எடுத்தாள். "ஐயா அந்தச் சுவரைப் பாத்து உக்காருங்க. அம்மா, நீங்க பின்னால போய் நின்னு ஏதாவது பேசுங்க. முகம் தெரியக் கூடாது."

பின்னால் நின்று பேசணுமாம். இந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது? வசந்தாமணி முதல் வேலையாகச் சுவரைப் பார்த்தாள். வெறும் சுண்ணாம்பு, ஒரு காலண்டர், கண்ணாடி இல்லை, பளபளப்பான ஒரு ஆணிகூட இல்லை. எதிரில் அந்த முதுகு, சட்டையில் தோள்பட்டைத் தையல் கொஞ்சம் விட்டிருந்தது, அது அவள் தைக்க மறந்தது. பன்னிரண்டு வருசம் ஓயாமல் கொட்டிய வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. என்ன சொல்வது? சாப்பிட்டீங்களா என்பதா? ரெண்டு பேரும் ஒரே இட்லியைப் பிய்த்துத் தின்றுவிட்டுத்தான் வந்தார்கள். சொல்லுங்கம்மா என்று நிலோபர் சைகை காட்டினாள். "மாமா" என்றாள், அவ்வளவுதான் வந்தது. அவர் தோள் தூக்கிப்போட்டது. கேட்டுவிட்டது. கேட்டுவிட்டதுடா சாமி. வேகமாகத் திரும்பினார், ஆனால் வலது பக்கமாகத் திரும்பினார், அங்கே பீரோ மாதிரி ஒரு அலமாரிதான் இருந்தது, இவள் நின்றது இடது பக்கம். அலமாரியைப் பார்த்து விழித்தார். "கேக்குது" என்றார், "எங்கிருந்துன்னு தெரியலயே." அந்த முகத்தில் வந்ததை வசந்தாமணி தை மாசம் சோற்றைத் தொடாத அன்றைக்குத்தான் பார்த்திருந்தாள். நின்ற இடத்திலிருந்தே நாற்பது தறியில் ஒன்றை விரல் நீட்டிக் காட்டிய ஆள். நிலோபர் மெதுவாக, "ஒரு காதுல சத்தம் தெரியும்யா, திக்கு தெரியாது. அதுக்கு ரெண்டு வேணும்" என்றாள். வசந்தாமணி யாரையும் கேட்கவில்லை. மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள், வேண்டாம் என்று தூக்கிய கையைத் தட்டிவிட்டாள், கம்முனு உக்காருங்க என்று அதட்டி இடது காதில் மாட்டினாள். இந்தத் தடவை ரப்பர் நழுவவில்லை.

நிலோபர் தட்டி முடித்துத் தலையாட்டினாள். வசந்தாமணி செருப்பை வாசலிலேயே விட்டிருந்ததால் வெறுங்காலோடு சத்தமில்லாமல் பின்வாங்கி, அறையின் மூலைவரைக்கும் போய், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கி நின்றுகொண்டாள். தெரிந்தால் தெரியட்டும். பீரோவில் படித்திருந்தால் படித்திருக்கட்டும், படிக்கவில்லையென்றால் இன்றைக்காவது கேட்கட்டும், இருபது வருசம் பெண்டாட்டிக்குப் பஞ்சு வைத்துவிட்டுத் தன் காதைத் தறிக்குக் கொடுத்த மனுசனுக்கு ஒரு சொல் நேராகப் போகக் கூடாதா? பாத்திரம் கழுவி முடித்த குரலிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "நீங்களும் ஒரு துளி பஞ்சு வெச்சிருக்கலாமுங்க மாமா."

அவர் திரும்பவில்லை. முதுகு அப்படியே இருந்தது. வலது கை மட்டும் மெதுவாக எழுந்து, தோளுக்கு மேலாகப் பின்னால் வளைந்து, ஒரு விரல் நீண்டது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், நேராக அவளைக் காட்டியது.

"அங்க நிக்கற" என்றார், அந்த மெல்லிய குரலில். "பன்னண்டு வருசமா அதையேதான் சொல்லீட்டிருக்கற. பீரோவுல வாய் மட்டுந்தான் வந்துச்சு, இன்னிக்குத்தான் கொரலும் சேந்து வருது." நீட்டிய விரலை இறக்கவில்லை. "தெரியும்னு சொல்லியிருந்தா நீ பேசறதையே நிறுத்தீருப்ப புள்ள. அதான் கம்முனு இருந்தேன்."

நிலோபர் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். வசந்தாமணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், மூக்குத்தி இடறியது. முடிச்சை அவிழ்க்கணும், ரெண்டு மெசினுக்கும் சேர்த்துப் பணம் கட்டணும், முட்டி கிடக்கிறது முட்டி. ஆனால் முதலில் ஒன்றைப் பார்த்துவிடணும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக நாலடி இடது பக்கம் நகர்ந்தாள்.

"கள்ளன்" என்றாள்.

விரலும் நகர்ந்து அவளிடம் வந்து நின்றது.